சட்டக இழப்பு (காணொளிப் பதிவு)

சட்டக இழப்பு என்பது விஎச்எஸ் கேசட், கேம்கோடர், செட்டாப் பாக்ஸ் போன்றவற்றிலிருந்து வரும் காணொளியைக் கணினியில் பதிவு செய்யும்போது, சில சட்டகங்கள் கோப்பில் சேராமல் விடுபட்டுப் போவதாகும். பேச்சு வழக்கில் இது பிரேம் டிராப் எனப்படுகிறது. பதிவான படம் அங்கங்கே துள்ளுவதும், உதட்டசைவுக்கும் ஒலிக்கும் பொருத்தமில்லாமல் போவதும் இதன் வெளித்தெரியும் அடையாளங்கள். பழைய குடும்பக் கேசட்டுகளை வீட்டுக் கணினியில் ஏற்றுவோர் பெரும்பாலும் முதலில் சந்திக்கும் கோளாறு இதுவே.

பின்னணி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் வெளியிட்ட விஎச்எஸ் முறை 1980களில் தமிழ்நாட்டில் பரவியது. அக்காலத்தில் விசிஆர் கருவியை மக்கள் 'டெக்' என்றே அழைத்தனர். வார இறுதியில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுப்பது வழக்கமாக இருந்தது. திருமணம், காதுகுத்து, வளைகாப்பு ஆகியவற்றை வீடியோ எடுப்பதும் இதே காலத்தில் வேரூன்றியது. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி என ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய புறநகர்களில் குடியேறிய பல குடும்பங்களின் பீரோக்களில் இத்தகைய கேசட்டுகள் இன்றும் உள்ளன. வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985இல் திறக்கப்பட்டபின், பள்ளிச் சுற்றுலாவும் குடும்ப உலாவும் கேம்கோடரில் பதிவாகும் இடங்களில் அதுவும் ஒன்றாயிற்று.

இக்கேசட்டுகளுக்கு ஆயுள் குறைவு. சென்னைப் பகுதியின் ஈரக்காற்றில் நாடாவின் ஓரங்களில் வெண்பூஞ்சை படர்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த நாடாவின் நிலை இன்னும் மோசமானது. நாடாவை ஓட்டும் கருவியும் அரிதாகி வருகிறது. உலகில் கடைசிவரை விஎச்எஸ் விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது.

ஆகவே சட்டக இழப்பைச் சரிசெய்வதில் மற்ற கணினிக் கோளாறுகளுக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நாடா தேய்கிறது. 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று திருமணக் கேசட்டை வைத்தே சோதிப்பது தவறான வழி. சோதனைகள் அனைத்தையும் வேறு மூலத்தை வைத்து முடித்துக்கொண்டு, மதிப்புள்ள கேசட்டைக் கடைசியில்தான் டெக்கில் போட வேண்டும்.

அளவுக் கணக்கு

இந்தியாவில் பயன்பட்ட பால் முறையில் ஒரு நொடிக்கு 25 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு புலங்களாகப் பின்னப்பட்டு வருவதால் நொடிக்கு 50 புலங்கள். ஒரு சட்டகம் நிற்கும் நேரம் 40 மில்லிநொடி. அதற்குள் கணினி அதை வாங்கி, சுருக்கி, வன்தட்டில் எழுத அனுப்பிவிட வேண்டும். நாடா காத்திருக்காது. இடையில் உள்ள தற்காலிக நினைவகம் சிறு தாமதங்களைத் தாங்கிக்கொள்ளும். அது நிரம்பிவிட்டால் அடுத்து வரும் சட்டகத்துக்கு இடமில்லை.

720க்கு 576 படப்புள்ளிகள் கொண்ட சட்டகத்தைச் சுருக்காமல் பதிவு செய்தால், ஒரு புள்ளிக்கு 2 பைட் வீதம், நொடிக்கு ஏறத்தாழ 20.7 மெகாபைட் வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு இது சுமார் 75 கிகாபைட். மூன்று மணி நேரக் கேசட்டில் 2,70,000 சட்டகங்கள் இருக்கும்.

இந்த எண்ணிக்கையை மனத்தில் கொண்டால் பதற்றம் குறையும். மூன்று மணி நேரத்தில் 50 சட்டகங்கள் பரவலாக விடுபட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதே 50 சட்டகங்கள் ஒரே இடத்தில் விடுபட்டால் இரண்டு நொடிகள் முழுதாகப் போய்விடும். தாலி கட்டும் காட்சியில் கெட்டிமேளம் தொடங்கும் தருணமாக அது இருக்கலாம். மென்பொருள் காட்டும் மொத்த எண்ணிக்கையைவிட, இழப்பு எங்கே விழுந்தது என்பதே பொருட்படுத்தத் தக்கது.

ஒரே பெயரில் மூன்று கோளாறுகள்

படம் துள்ளினாலே சட்டகம் போய்விட்டது என்று பலர் முடிவு செய்கின்றனர். அது எப்போதும் உண்மையல்ல. முதலாவது, கோப்பு முழுமையாக இருந்தும் அதை ஓட்டும் கணினி திணறலாம். வேகம் குறைந்த மடிக்கணினியில் பெரிய கோப்பை இயக்கினால் இப்படி ஆகும். விஎல்சி போன்ற இயக்கியில் காட்சியை நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்த்தால் (அதற்கான விசை 'ஈ') அசைவு சீராகச் செல்கிறதா என்பது தெரிந்துவிடும். சீராக இருந்தால் பதிவில் பழுதில்லை.

இரண்டாவது, வேகப் பொருத்தமின்மை. ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளை நிறுவியவுடன் பதிவு வேகம் நொடிக்கு 30 சட்டகம் என இருக்கும். 25 சட்டகமாக வரும் பால் காணொளியை அதில் பதிவு செய்தால், மென்பொருள் ஐந்து சட்டகத்துக்கு ஒன்று வீதம் இரட்டிக்கும். எதுவும் இழக்கப்படவில்லை; ஆனால் கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சிகள் தட்டித் தட்டி நகரும். அமைப்புகளில் 25 பால் என்பதைத் தேர்ந்தால் தீர்ந்தது. இதை அறியாமல் புதிய கணினி வாங்கினாலும் துள்ளல் அப்படியே தொடரும்.

மூன்றாவதுதான் உண்மையான இழப்பு. வர்ச்சுவல்டப் மென்பொருளின் பதிவுத் திரையில் இதற்கு இரண்டு எண்ணிக்கைகள் தெரியும்: நீக்கப்பட்டவை, செருகப்பட்டவை. சட்டகங்கள் எதிர்பார்த்ததைவிட நெருங்கி வந்தால் மென்பொருள் ஒன்றை நீக்கும். இடைவெளி கூடினால் காலத்தை நிரப்ப ஒரு வெற்றுச் சட்டகத்தைச் செருகும். எனவே நீக்கம் பூஜ்யம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. செருகல் ஏறியிருந்தாலும் அங்கே ஒரு சட்டகம் வராமல் போயிருக்கிறது. கணினி சற்று நின்றுபோனால் செருகல் மட்டும் திடீரென ஏறும். டெக்கிலிருந்து வரும் குறிப்பலை தள்ளாடினால் இரண்டும் சேர்ந்தே ஏறும்.

பழுது எந்தப் பக்கம்?

காணொளி கேசட்டிலிருந்து கோப்புவரை வரும் பாதையில் நாடா, டெக், ஏவி கம்பி, பதிவுக் கருவி, யூஎஸ்பி வழி, செயலி, வன்தட்டு என ஏழு நிலைகள் உள்ளன. இவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட, பாதையை நடுவில் வெட்டிச் சோதிப்பது விரைவானது. அதற்கு நேரம் தவறாத ஒரு காணொளி மூலம் வேண்டும். வீட்டிலுள்ள கேபிள் செட்டாப் பாக்ஸ் இதற்குப் போதும். அதன் பின்புறமுள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளில் வருவதும் பால் முறைக் காணொளிதான். எண்ணியல் கருவி என்பதால் அதன் நேரக் கட்டுப்பாடு துல்லியமானது. டிவிடி பிளேயரையும் பயன்படுத்தலாம். ஆனால் கடையில் விற்ற திரைப்பட வட்டுகளில் நகலெடுப்புத் தடை இருக்கக்கூடும் என்பதால் வீட்டில் எழுதிய வட்டே சோதனைக்கு ஏற்றது.

செட்டாப் பாக்ஸை டெக்கின் இடத்தில் இணைத்து, அதே கம்பி, அதே கருவி, அதே அமைப்புகளுடன் அரை மணி நேரம் பதிவு செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் போதாது. வெப்பம் ஏறுவதாலோ, தற்காலிக நினைவகம் மெல்ல நிரம்புவதாலோ வரும் கோளாறு அதற்குள் வெளிப்படாது. இழப்பு இல்லையென்றால் கணினி மீது குறையில்லை, பழுது டெக்கிலோ நாடாவிலோ உள்ளது. இழப்பு இருந்தால் கேசட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கணினியைக் கவனிக்க வேண்டும்.

கணினிப் பக்கக் காரணங்கள்

முதலில் பார்க்க வேண்டியது எழுதப்படும் இடம். பென்டிரைவில் நேரடியாகப் பதிவு செய்வது பரவலான தவறு. தொடக்கத்தில் வேகமாக எழுதும் பென்டிரைவ் சில நிமிடங்களில் நொடிக்குச் சில மெகாபைட் என்ற அளவுக்குத் தளர்ந்துவிடும். மேலும் அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் ஒரு கோப்பின் உச்ச அளவு 4 கிகாபைட். சுருக்காத காணொளி மூன்றரை நிமிடத்தில் அந்த வரம்பைத் தொட்டுவிடும். 'சரியாக மூன்றரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது' என்ற வகைக் கோளாறுக்கு இதுவே விளக்கம். பதிவுக்கென்று தனி வன்தட்டு, என்டிஎஃப்எஸ் வடிவில், பாதிக்குமேல் காலியாக இருப்பது நல்லது.

அடுத்தது யூஎஸ்பி. பழைய யூஎஸ்பி 1.1 வழியின் உச்சம் நொடிக்கு 12 மெகாபிட். சுருக்காத காணொளிக்கோ 166 மெகாபிட் தேவை. யூஎஸ்பி 2.0 வழியில் 480 மெகாபிட் எனப்பட்டாலும் நடைமுறையில் கிடைப்பது நொடிக்கு 35 முதல் 40 மெகாபைட் அளவே. பதிவுக் கருவியையும் வெளிப்புற வன்தட்டையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் செருகினால், உள்ளே வரும் 20 மெகாபைட்டும் வெளியே போகும் 20 மெகாபைட்டும் ஒரே வழியில் நெருக்கும். ஹப்பை எடுத்துவிட்டு, பதிவுக் கருவியைக் கணினியின் துளையிலேயே நேராகச் செருகினால் பல வீடுகளில் இக்கோளாறு அத்துடன் முடிந்துவிடுகிறது.

பதிவுக் கருவியின் இயக்கி மென்பொருளும் சோதிக்கத் தக்கது. ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் ஈசிகேப் என்ற பெயரில் கிடைக்கும் மலிவான கருவிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே எஸ்டிகே1160, யூடிவி007 என வெவ்வேறு சில்லுகள் இருக்கும். ஒன்றின் இயக்கி இன்னொன்றுக்குப் பொருந்தாது. நண்பரிடமிருந்த குறுவட்டை வாங்கிவந்து நிறுவுவதால் பயனில்லாமல் போவது இதனால்தான்.

பதிவின்போதே எச்.264 முறையில் சுருக்குவது பழைய செயலிக்குப் பெரும் சுமை. ஹஃப்ஒய்யுவி, யூடி வீடியோ போன்ற இழப்பற்ற கோடெக்குகள் எளிய கணக்கையே செய்கின்றன. கோப்பின் அளவை ஏறத்தாழப் பாதியாக்கி, செயலிக்கும் வன்தட்டுக்கும் ஒருசேர ஓய்வு தருகின்றன. ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 40 கிகாபைட் இடம் போகும். எச்.264 ஆக மாற்றுவதை மறுநாள் நிதானமாகச் செய்துகொள்ளலாம்; அப்போது ஒரு சட்டகத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் கெடுதல் இல்லை.

பின்னணியில் ஓடுபவை வேறு வகை. வளர்ந்துகொண்டிருக்கும் கோப்பை நச்சுநிரல் தடுப்பி வருடிக்கொண்டே இருக்கும். பதிவுக் கோப்புறை ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றுடன் இணைக்கப்பட்டிருந்தால், எழுதி முடிக்காத கோப்பையே அவை மேலேற்ற முயலும். இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பதிவு செய்வது இந்த மேலேற்றத்துக்கு எளிய மருந்து. மின்சேமிப்புத் திட்டத்தை உயர் செயல்திறனுக்கு மாற்றி, யூஎஸ்பி துளைகளை உறங்கவிடும் அமைப்பை நிறுத்த வேண்டும். மடிக்கணினி சார்ஜரில் இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கத்திரி வெயில் நாட்களில் வெப்பமும் ஒரு காரணமாகிறது. தூசி அடைத்த விசிறியுள்ள கணினி அரை மணி நேரத்தில் சூடேறி வேகத்தைத் தணித்துக்கொள்ளும். இழப்பு எப்போதும் பதிவின் பிற்பகுதியிலேயே வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். மின்தடையின்போது இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் டெக் நின்றுவிடுவதும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் கேசட் பதிவை வைத்துக்கொள்ளாதிருப்பதே நல்லது.

டெக், நாடா பக்கக் காரணங்கள்

'டிவியில் நன்றாகத்தானே ஓடுகிறது, கணினியில் மட்டும் ஏன் துள்ளுகிறது?' என்பது வழக்கமான கேள்வி. விடை டெக்கின் அமைப்பில் உள்ளது. பால் முறை டெக்கினுள் ஓர் உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. அதில் எதிரெதிரே இரண்டு தலைகள். ஒவ்வொரு தலையும் ஒரு சுற்றில் ஒரு புலத்தைப் படிக்கிறது. நாடா சற்று நீண்டிருந்தாலும், அழுக்கால் வழுக்கினாலும், புலம் சரியான நேரத்தில் வந்து சேராது. பழைய குழாய் டிவி இந்தத் தள்ளாட்டத்தைப் பின்தொடர்ந்து சமாளித்துவிடும். பதிவுக் கருவியின் சில்லு அவ்வளவு தாராளமானதல்ல. ஒத்திசைவுத் துடிப்பு குறித்த நேரத்தில் வராவிட்டால் அந்தச் சட்டகத்தையே கைவிட்டுவிடும்.

இதற்கென அமைந்த கருவி நேரத் திருத்தி. ஒளிபரப்பு நிலையங்களில் டிபிசி என்பர். தள்ளாடி வரும் வரிகளைச் சிறிது நேரம் நினைவில் நிறுத்தி, சீரான இடைவெளியில் வெளியே விடுவது இதன் வேலை. தனிக் கருவியாக இது விலை மிகுந்தது. ஆனால் சில எஸ்விஎச்எஸ் டெக்குகளிலும், சில டிவிடி ரெக்கார்டர்களிலும் இத்தகைய சுற்று உள்ளடங்கியிருக்கிறது. டெக்கிலிருந்து டிவிடி ரெக்கார்டருக்கும் அதன் வெளியீட்டிலிருந்து பதிவுக் கருவிக்கும் கம்பி கொடுத்தால், வட்டில் எதையும் எழுதாமலே ரெக்கார்டர் நேரத் திருத்தியாகப் பயன்படும். எல்லா மாடல்களிலும் இது பலிப்பதில்லை என்றாலும், பழைய ரெக்கார்டர் வீட்டில் சும்மா கிடந்தால் முயலத் தக்கது.

அதற்கு முன் தலையைத் துடைக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நார் உதிராத துணியை உருளையில் லேசாக அழுத்திப் பிடித்து, கையால் உருளையைச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது. நார் சிக்கித் தலையைப் பெயர்த்துவிடும்.

நாடாவிலேயே உள்ள சில இழப்புகளுக்குப் பொருள் இல்லை. கேசட்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் வரும் வெறும் புள்ளித் திரையில் எண்ணிக்கை மளமளவென ஏறும். ஒத்திசைவுத் துடிப்பே இல்லாத இடம் அது. வீடியோகிராபர் கேமராவை நிறுத்தித் தொடங்கிய வெட்டுகளிலும் ஓரிரண்டு விடுபடும். திருமண வீட்டாருக்குக் கொடுக்கப்பட்ட கேசட் பெரும்பாலும் மாஸ்டர் கேசட்டிலிருந்து டெக்குக்கு டெக் எடுத்த நகல் என்பதால் அதில் தள்ளாட்டம் கூடுதல். மாஸ்டர் கிடைத்தால் அதையே பதிவு செய்வது மேல்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் என்றால் முறையே வேறு. அங்கு பயன்பட்ட என்டிஎஸ்சி முறையில் நொடிக்கு 29.97 சட்டகம், 525 வரிகள். அதற்குப் பல முறைகளையும் ஓட்டும் டெக் வேண்டும்; மென்பொருளிலும் முறையை மாற்ற வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை கேசட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவையும் பால் முறையே.

கேசட்டின் கண்ணாடிச் சன்னலில் வெண்பொடி தெரிந்தாலோ, வெள்ளத்தில் நனைந்த அடையாளம் இருந்தாலோ அதை டெக்கில் போடக் கூடாது. பூஞ்சை தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கும் பரவும். சேற்று மணல் தலையையும் நாடாவையும் ஒருங்கே கீறிவிடும். இவை சட்டக இழப்பு என்ற நிலையைத் தாண்டியவை. நாடாவைத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

ஒலி விலகல்

விடுபட்ட ஒவ்வொரு சட்டகமும் ஈடு செய்யப்படாவிட்டால் படம் ஒலியைவிட 40 மில்லிநொடி முந்திவிடும். 25 சட்டகம் போனால் ஒரு நொடி. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து கருவியை எடுத்த பிறகும் இசை ஒலிப்பது இதனால்தான். எனினும் எல்லா விலகலும் சட்டக இழப்பல்ல. ஒலி ஒரு கருவி வழியாகவும் படம் வேறொன்று வழியாகவும் பதிவானால் இரண்டின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போகா. ஆயிரத்தில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடுகூட ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு நொடிக்கு மேல் விலக்கிவிடும். விலகல் தொடக்கத்திலிருந்தே மெல்லக் கூடிவந்தால் கடிகார வேறுபாடு; ஓரிடத்தில் சட்டென்று குதித்தால் சட்டக இழப்பு. முன்னதை ஒலிக் கோப்பை முழுமையாகச் சற்று நீட்டியோ சுருக்கியோ சரிசெய்யலாம். பின்னதற்கு அந்த இடத்தில் வெட்டித்தான் ஒட்ட வேண்டும்.

எச்டிஎம்ஐ பதிவும் நேரலையும்

மாணவர்கள் கேம்கோடரையோ விளையாட்டுக் கருவியையோ எச்டிஎம்ஐ வழியே பதிவு செய்யும்போதும் இதே கணக்கு பொருந்தும். 1920க்கு 1080 அளவுள்ள படம் நொடிக்கு 30 சட்டகம் வீதம் சுருக்காமல் வந்தால் 124 மெகாபைட், யூஎஸ்பி 2.0 கருவி இதைக் கடத்தவே முடியாது. அத்தகைய கருவியில் ஒய்யுஒய்2 வடிவத்தை விட்டு எம்ஜேபெக் வடிவத்தைத் தேர்ந்தால் படம் சீராகும். ஓபிஎஸ் புள்ளிவிவரப் பலகையில் மூன்று எண்ணிக்கைகள் தனித்தனியே உள்ளன: வரைவதில் தாமதம், குறியாக்கத்தில் தாமதம், வலையமைப்பில் இழப்பு. முதலாவது வரைகலை அட்டையின் சுமை, இரண்டாவது செயலி அல்லது குறியாக்கியின் சுமை. மூன்றாவது நேரலையின்போது இணையம் மந்தமாவதால் மட்டுமே வருவது. வன்தட்டில் பதிவாகும் கோப்பை அது தொடுவதில்லை.

மினிடிவி கேசட்டுகள் இவற்றில் எளியவை. 1995இல் வந்த டிவி வடிவத்தில் படம் நாடாவிலேயே எண்களாக உள்ளது. ஃபயர்வயர் வழியே நொடிக்குச் சுமார் 3.6 மெகாபைட், மணிக்கு 13 கிகாபைட் மட்டுமே. ஒவ்வொரு சட்டகத்துக்கும் நேரக் குறியீடு இருப்பதால் எது விடுபட்டது என்பதும் சரியாகத் தெரிந்துவிடும்.

விடுபட்ட பகுதியை மீட்டல்

முக்கியமான காட்சியில் இழப்பு விழுந்திருந்தால் முழுக் கேசட்டையும் மறுபடி ஓட்டத் தேவையில்லை. அந்த இடத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் நாடாவைக் கொண்டுவந்து, ஒரு நிமிடம் பின்னால்வரை மட்டும் மீண்டும் பதிவு செய்தால் போதும். தொடக்கத்தில் டெக் வேகம் பிடித்து நிலைகொள்ளவே அந்த ஒரு நிமிடம். இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால், இழப்பு வெவ்வேறு இடங்களில் விழுந்திருக்கிறதா அல்லது அதே இடத்திலா என்பது தெரியும். வெவ்வேறு இடமென்றால் ஒன்றில் இல்லாத சட்டகத்தை மற்றதிலிருந்து எடுத்து ஒட்டலாம். அதே இடத்திலேயே இரண்டாம் முறையும் விழுந்தால் நாடா அங்கே சுருங்கியோ மடங்கியோ இருக்கிறது. கணினியில் எதை மாற்றியும் பயனில்லை. அந்தக் கேசட்டை வேறொரு டெக்கில் ஓட்டிப் பார்ப்பது ஒன்றே எஞ்சிய வழி. தலைகளின் கோணம் டெக்குக்கு டெக் சற்றே மாறுபடுவதால், ஒன்று படிக்க மறுத்ததை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.